வரைகலை வடிவமைப்பு மாணவரின் மீள்நோக்குக் குறிப்பேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்திலிருந்து வரைகலை வடிவமைப்புக் கற்கச் செல்லும் மாணவர்கள், அது பல்கலைக்கழகப் பட்டப்படிப்பானாலும் தொழிற்பயிற்சி நிலையத்துச் சான்றிதழ்ப் பாடநெறியானாலும், தொடக்கத்திலேயே ஒரு பணிப்பைச் சந்திக்கிறார்கள். செய்யும் வேலைகளோடு ஒரு மீள்நோக்குக் குறிப்பேட்டையும் பேணி, ஒப்படையுடன் சேர்த்துக் கையளிக்க வேண்டும் என்பதே அது. சில நிறுவனங்கள் இதைப் பிரதிபலிப்பு நாட்குறிப்பு என்று அழைக்கின்றன. பணிப்பு வந்துவிடுகிறது, எதை, எப்படி எழுதுவது என்ற விளக்கம் பெரும்பாலும் வருவதில்லை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பகுதிகளிலிருந்து வந்து என்னிடம் கற்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

மீள்நோக்குக் குறிப்பேடு என்றால் என்ன? அது சாதாரண நாட்குறிப்பிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

நாட்குறிப்பில் ஒரு நாள் பதிவாகிறது. மீள்நோக்குக் குறிப்பேட்டில் ஒரு முடிவும் அதன் காரணமும் பதிவாகின்றன. ஒரு சுவரொட்டியை அமைக்க உட்காரும் மாணவர் ஒரு மணித்தியாலத்துக்குள் எழுத்துரு, அளவு, நிறம், இடைவெளி, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று எத்தனையோ முடிவுகளை எடுத்துவிடுகிறார். கணினிக் கோப்பில் அந்த முடிவுகளின் விளைவு மட்டுமே மிஞ்சுகிறது. ஏன் அந்த எழுத்துரு, ஏன் அந்த இடைவெளி என்பது கோப்பில் எங்கும் இல்லை. இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் செய்தவருக்கே நினைவில் இருப்பதில்லை, அல்லது விளைவைப் பார்த்துப் பொருத்தமான ஒரு காரணத்தைப் புதிதாகச் சொல்லிவிடுகிறார். அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983 இல், தொழில் தெரிந்தவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சிந்திப்பதையும், வேலை முடிந்தபின் அதைப் பற்றிச் சிந்திப்பதையும் பிரித்துக் காட்டினார். கை ஓடும்போது நடக்கும் முதலாவது சிந்தனை சொல்லாக மாறாமலே கரைந்துவிடக்கூடியது. அதைச் சொல்லாக்கி, இரண்டாவது சிந்தனைக்குக் கையளிப்பதே குறிப்பேட்டின் வேலை. ஆகவே காரணத்தை அன்றைக்கே எழுத வேண்டும் என்பதை இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வற்புறுத்துவேன்.

வரைவுக் கொப்பி இருக்கும்போது இது வேறாக எதற்கு?

வேறாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வரைவுக்குப் பக்கத்திலேயே எழுதினால் இன்னும் நல்லது. ஆனால், பத்துச் சின்ன வரைவுகளில் ஏழாவதைத் தெரிந்துவிட்டு மற்ற ஒன்பதையும் ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரியும் எழுதாத கொப்பி, வரைவுக் கொப்பியாக மட்டுமே இருக்கும்.

ஒரு நல்ல பதிவு எப்படி இருக்கும்?

இதற்கு எடுத்துக்காட்டுத்தான் சரியான விடை. மலையகத்தில் வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைக்குத் தோட்டத்தில் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் கோயில் திருவிழா நோட்டீஸாகவோ பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழாகவோ கண்ணீர் அஞ்சலியாகவோதான் இருக்கும். நோட்டீஸ் ஒன்றைப் பற்றி ஒரு மாணவர் பின்வருமாறு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"இன்று கோயில் திருவிழா நோட்டீஸ் செய்தேன். தலைப்பைச் சிவப்பில் போட்டேன். கோயில் தலைவர் சில திருத்தங்கள் சொன்னார், செய்தேன். நன்றாக வந்தது. நிறைய அனுபவம் கிடைத்தது."

இதில் பொய் எதுவும் இல்லை; ஆயினும் இதைப் படித்து எவரும், எழுதியவர் உட்பட, எதையும் அறிந்துகொள்ள முடியாது. அதே வேலையைப் பற்றி அதே மாணவர் இப்படி எழுதியிருக்கலாம்:

"மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழா நோட்டீஸ், ஏ5 அளவு, ஒரு பக்கம். தலைப்பை மஞ்சள் பின்னணியில் சிவப்பாக வைத்தேன். இதுவரை பார்த்த நோட்டீஸ்கள் எல்லாம் அப்படி இருந்தன என்பதைத் தவிர இதற்கு என்னிடம் வேறு காரணம் இல்லை. தலைவர் பார்த்துவிட்டு, 'தம்பி, பேரெல்லாம் பொடிசா இருக்கே, உபயகாரங்க கோவிச்சுக்குவாங்க' என்றார். தலைப்பைச் சிறிதாக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதில்தான் அதிக நேரம் செலவழித்திருந்தேன். வீட்டில் அச்சுப் பிரதியைச் சுவரில் ஒட்டி, அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். தலைப்பு தெரிந்தது, அம்மன் தெரிந்தது, திகதி தெரியவில்லை. அம்மா கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, 'தேரு என்னைக்கு?' என்று கேட்டார். தலைவர் பெயர்களுக்காகவும் நான் தலைப்புக்காகவும் வாதாடிக்கொண்டிருந்தோம்; நோட்டீஸை வாங்குகிறவருக்குத் தேவையானது திகதி. அதை 9 புள்ளி அளவிலிருந்து 18 க்கு உயர்த்தினேன். இடம் போதவில்லை. அம்மன் படத்தைத் தொடாமல், ஓரத்துப் பூவேலைப்பாட்டை எடுத்தேன். உபயகாரர் பெயர்களை இரண்டு நிரலாகப் பிரித்ததில் அவையும் கொஞ்சம் பெரிதாயின. தலைவர் ஏற்றுக்கொண்டார். ஓரம் வெறுமையாக இருப்பது இன்னும் எனக்கு உறுத்துகிறது. அது பழக்கத்தால் வரும் உறுத்தலா, உண்மையிலேயே குறையா என்று தெரியவில்லை. அடுத்த வேலையில், இதைக் கையில் வாங்குபவர் முதலில் எதைத் தேடுவார் என்பதை எழுதி வைத்துக்கொண்டுதான் கணினியைத் திறப்பேன்."

இரண்டாவது பதிவு நீளமாக இருப்பதால் சிறந்ததாகிவிடவில்லை. அதில் அளவுகள் இருக்கின்றன. சொன்னவரின் சொல் சொன்னபடியே இருக்கிறது. தலைப்பைச் சிறிதாக்க மனம் வராததற்கான உண்மைக் காரணம் இருக்கிறது. ஒரு சோதனையும் அதன் விளைவும் இருக்கின்றன. தீராத ஐயம் ஒன்று தீராததாகவே எழுதப்பட்டிருக்கிறது. முக்கியமாக, அடுத்த வேலையில் செய்து பார்க்கக்கூடிய ஒரு தீர்மானம் இருக்கிறது. "இனிமேல் கவனமாக இருப்பேன்" என்பது தீர்மானம் ஆகாது, ஏனெனில் அதைச் செய்தோமா இல்லையா என்று பார்க்க வழியில்லை. இந்தப் பதிவை வைத்துக்கொண்டு அந்த மாணவரோடு நான் ஒரு மணித்தியாலம் பேசலாம். முதலாவது பதிவை வைத்துப் பேச எனக்கு ஒன்றும் கிடைக்காது.

கிப்ஸின் வட்டத்தைப் பின்பற்றித்தான் எழுத வேண்டுமா?

ஓர் அனுபவத்தை மீள்நோக்குவதற்காகக் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988 இல் முன்வைத்த வட்டத்தில் ஆறு படிகள் உண்டு. நடந்ததை விவரித்தல், அப்போது எழுந்த உணர்வு, நல்லது எது கெட்டது எது என்ற மதிப்பீடு, ஏன் அப்படி ஆயிற்று என்ற பகுப்பாய்வு, முடிவு, அடுத்து செய்யப்போவது என்பன அவை. பல பாடநெறிகளில் இதுவே படிவமாகக் கொடுக்கப்படுகிறது. படிவத்தை நிரப்பும்படி உங்கள் நிறுவனம் கேட்டால் நிரப்புங்கள். ஆனால் அன்றாட வடிவமைப்பு வேலைக்கு, 1970 இல் கல்வியாளர் டெரி போர்ட்டன் பயன்படுத்திய மூன்று கேள்விகளே போதும் என்பது என் கருத்து: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் ஆறு தலைப்புகள் போட்டால், மூன்றாம் வாரத்தில் எழுதியதையே திருப்பித் திருப்பி எழுதத் தொடங்கிவிடுவீர்கள்.

உணர்வு என்ற படியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் பலர் அதை வெட்கத்தால் விட்டுவிடுகிறார்கள், அல்லது "மிகுந்த மகிழ்ச்சி அடைந்தேன்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். வடிவமைப்பில் உணர்வும் ஒரு தகவல். மேலே கண்ட மாணவருக்குத் தலைப்பைச் சிறிதாக்க மனம் வரவில்லை. அதை எழுதியதால்தான், தான் பாதுகாத்தது செலவழித்த நேரத்தையே என்பதை அவரால் பார்க்க முடிந்தது. எரிச்சல், பிடிவாதம், சலிப்பு ஆகியவை எழும் இடங்களில் பெரும்பாலும் ஒரு பரிசோதிக்கப்படாத முடிவு ஒளிந்திருக்கும்.

பாடநெறி ஆங்கில மொழியில் நடக்கிறது. குறிப்பேட்டை எந்த மொழியில் எழுத வேண்டும்?

உங்களுக்குள் சிந்தனை எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். கையளிக்க வேண்டிய பகுதி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றால், வார இறுதியில் அந்த வாரத்துப் பதிவுகளிலிருந்து முக்கியமானதைத் தெரிந்து ஆங்கிலத்தில் சுருக்கி எழுதலாம். நேரே ஆங்கிலத்தில் எழுத முயலும் மாணவர், தமக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்குள் அடங்கும் எண்ணங்களை மட்டுமே எழுதுகிறார். "கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது", "கண்ணு அங்கேயே போகுது" போன்ற நுட்பமான அவதானிப்புகள் கொப்பிக்கு வராமலே போய்விடுகின்றன. எழுத்துத் தமிழ் கைவராவிட்டால் வீட்டில் பேசும் பேச்சிலேயே எழுதலாம். துறைச் சொற்களை உள்ளபடி தமிழ் எழுத்தில் எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை: லேயர், மாஸ்க், கிரிட், ப்ளீட். விரிவுரையாளருக்குத் தமிழ் தெரியாது என்றால், மூலக் கொப்பியை உங்களுடையதாக வைத்துக்கொண்டு சுருக்கத்தைக் கையளிக்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நியாயமான கோரிக்கை இது, தயங்க வேண்டியதில்லை.

கொழும்பில் இருப்பவர்களுக்குக் கண்காட்சியும் காட்சியகமும் இருக்கின்றன. தோட்டத்தில் இருந்துகொண்டு எதைப் பார்த்து எழுதுவது?

இந்தக் கேள்வி எனக்கு மிகுந்த மனவருத்தம் தருவது. வடிவமைப்பு என்பது நகரத்தில் மட்டும் நடப்பது என்று நம் பிள்ளைகள் நம்ப வைக்கப்பட்டிருக்கிறார்கள். உண்மையில், எழுத்தையும் நிறத்தையும் நெருங்கிப் பார்க்க மலையகத்தில் கிடைக்கும் பொருள்கள் ஏராளம்.

ஹட்டன், நானுஓயா, ஹப்புத்தளை என்று மலைநாட்டுப் பாதையில் எந்தப் புகையிரத நிலையத்தில் இறங்கினாலும் பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று எழுத்துமுறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. மூன்றும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? தடிப்பு ஒத்திருக்கிறதா? தமிழ்ப் பெயர் நீளமாக இருக்கும் இடத்தில் எழுத்தைச் சிறிதாக்கியிருக்கிறார்களா, நெருக்கியிருக்கிறார்களா? ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து எதை முதலில் படிக்க முடிகிறது? 1987 இல் 13 ஆம் திருத்தத்தின்மூலம் தமிழும் ஆட்சிமொழியாக்கப்பட்ட நாட்டில், மூன்று எழுத்துகளை ஒரே பலகையில் சமமரியாதையோடு அமைப்பது இன்றும் ஒரு வடிவமைப்புச் சிக்கலாகவே இருக்கிறது. அதைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போக வாய்ப்புக் கிடைத்தால், ஏற்றுமதிக்காக அடுக்கிய காகிதப் பைகளைப் பாருங்கள். தோட்டத்தின் அடையாளப் பெயர், பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். போன்ற தர எழுத்துகள், நிகர நிறை என்று அலங்காரம் சிறிதும் இல்லாமல் தகவல் அடுக்கப்பட்டிருக்கும். அதையே கடையில் விற்கும் தேயிலைப் பக்கற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கற்றில் வாளேந்திய சிங்கம் இருந்தால், அது இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரிய முத்திரை; இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட, முழுவதும் இலங்கைத் தேயிலையாக உள்ள பொதிகளுக்கே அது அனுமதிக்கப்படுகிறது. ஒரு சின்ன உருவம் சட்டப் பொறுப்பையும் சுமக்கிறது என்பதைக் கவனித்து எழுதலாம்.

நிறத்தைப் பற்றியும் சொல்கிறேன். தேயிலை தொடர்பான ஒப்படை கொடுத்தால் பெரும்பாலான மாணவர்கள் உடனே பச்சையை எடுக்கிறார்கள். எந்தப் பச்சை? மழைக்குப்பின் துளிர்க்கும் கொழுந்தின் நிறத்தில் மஞ்சள் கலந்திருக்கும். முதிர்ந்த இலையில் கருமை கலந்திருக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் சில காலம் பச்சையே இராது, கபிலமும் சாம்பலுமாகக் கிளைகள்தான் நிற்கும். கோப்பையில் ஊற்றும்போதோ அது செம்மஞ்சளாகிவிடுகிறது. போதாதற்கு, கடைத் தட்டில் பச்சைப் பெட்டியைப் பார்ப்பவர் அதைப் பச்சைத் தேயிலை என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். இந்த ஐயங்களில் ஒன்றையாவது எழுதிவிட்டு எடுக்கும் பச்சைக்கும் எழுதாமல் எடுக்கும் பச்சைக்கும் வேறுபாடு உண்டு. கொழுந்தின் நிறத்தைத் தினமும் பார்க்கும் அம்மாவிடமோ அத்தையிடமோ அச்சுப் பிரதியைக் காட்டி, அவர் சொல்வதைச் சொன்னபடியே குறித்து வையுங்கள். கொழுந்து பறிப்பவரின் கண் அந்த நிறத்தில் எவருடைய கண்ணையும்விடத் தேர்ந்த கண்.

தமிழ் எழுத்துருவில் வரும் தொழில்நுட்பச் சிக்கல்களையும் குறிப்பேட்டில் எழுதலாமா?

கட்டாயம் எழுத வேண்டும். ஆங்கில மொழியில் கிடைக்கும் பாடங்களில் இவை இராது. சக மாணவருக்கும் உங்கள் குறிப்பேடே உதவும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான வரியமைப்பைத் தெரிவுசெய்யாமல், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோட்டில் "தேர்" என்று தட்டினால், தகரத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். எந்த அமைப்பை மாற்றியதும் அது சரியானது என்பதைப் படத்தோடு எழுதி வைத்தால் அடுத்த தடவை அரை நாள் மிச்சமாகும். யூனிகோட்டில் தமிழ் 1991 முதலே இருந்தாலும், நம் ஊர் அச்சகங்களில் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினி இன்னும் புழங்குகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுப் பக்கமும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அச்சகம் எதைக் கேட்டது, எதில் மாற்றினீர்கள், மாற்றத்தில் எந்த எழுத்துகள் பிழையாயின என்பதும் பதிவுக்கு உரியதே.

சிக்கலை மட்டும் எழுதி நிறுத்தாமல் பார்வைக்கும் வாருங்கள். மேல்வரியின் "மு", "கு" போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழியும் அடுத்த வரியின் "கி", "தீ" போன்றவற்றின் மேல்வளைவும் முட்டிக்கொள்ளும்போது, ஆங்கிலத்துக்குப் போதுமான வரியிடைவெளி தமிழுக்குப் போதாமற் போகிறது. எத்தனை புள்ளி கூட்டியதும் மூச்சு விட முடிந்தது என்று எண்ணோடு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக வந்த சுவாமி படம் தரம் குறைந்திருந்ததும், அதையே ஆவணமாக அனுப்பச் சொன்னதும் சரியாக வந்ததும், திரையில் பளிச்சென்று இருந்த நீலம், நான்கு நிற மைகளால் அச்சிடும் சீ.எம்.வை.கே. அச்சில் மங்கியதும் இதே வகைதான். வெட்டு விளிம்புக்கு வெளியே 3 மில்லிமீற்றர் விடாததால் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்த பிரதி கிடைத்தால், அந்தப் பிரதியையே கொப்பியில் ஒட்டிவிடுங்கள்.

வகுப்பு விமர்சனத்தில் என் வேலையைக் குறை சொன்னார்கள். அதை எப்படி எழுதுவது?

முதலில் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். "என் வேலை யாருக்கும் பிடிக்கவில்லை" என்பது நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் முடிவு; உண்மையில் ஒருவர் "இரண்டு தலைப்புகளும் ஒரே அளவில் இருப்பதால் எதை முதலில் படிப்பது என்று தெரியவில்லை" என்று சொல்லியிருப்பார். இரண்டாவது வசனத்தை வைத்து வேலையைத் திருத்தலாம். எழுதியபின் ஒரு நாள் விட்டுவிட்டு, அந்தக் கருத்தை ஏற்கிறீர்களா என்று உங்களையே கேளுங்கள். ஏற்காவிட்டாலும் குற்றமில்லை, ஏன் ஏற்கவில்லை என்பதை அதே அளவு கவனத்தோடு எழுத வேண்டும். கிராமத்துப் பாடசாலையிலிருந்து வந்து, கொழும்பு மாணவர் நிறைந்த வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி பெரிய துணை. அன்று சபையில் சொல்ல முடியாமற்போன விடை கொப்பியில் உருவாகிறது. அடுத்த விமர்சனத்தில் அதைப் பார்த்தே பேசலாம்.

எவ்வளவு அடிக்கடி எழுத வேண்டும்?

நாள் கணக்கு வேண்டாம். ஒரு வேலை தொடங்கும்போதும், திசை மாறும்போதும், பிறர் பார்த்தபோதும், முடிந்தபோதும் எழுதினால் போதும். கால் மணித்தியாலத்துக்கு மேல் தேவைப்படாது. கையளிக்கும் திகதிக்கு முதல்நாள் இரவில் ஒரு தவணைக்குரியதை ஒரே பேனையால் எழுதி நிரப்புவதில் பயன் இல்லை. படிப்பவருக்கு அது உடனே தெரிந்தும்விடும்.

மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஹட்டனுக்கு பஸ்ஸில் வருபவர்கள் அந்த வளைவுகளில் எழுத முடியாது. கைத்தொலைபேசியில் குரலாகப் பதிந்து, வீட்டில் இருந்து எழுதிக்கொள்ளலாம்.

கொப்பி நல்லதா, கைத்தொலைபேசி நல்லதா?

நான் கொப்பியையே பரிந்துரைக்கிறேன். மின்வெட்டும் சிக்னல் பிரச்சினையும் அதைத் தீண்டுவதில்லை. வரையவும் ஒட்டவும் முடியும். பக்கத்தைப் புரட்டும்போது தேடாததும் கண்ணில் படும். ஆனால் நம் ஊர்க் குளிரையும் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து வீடுகளில் காகிதம் நமத்துவிடும். ஜெல் பேனை மை பரவும். மாவுப் பசையால் ஒட்டிய இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பதுளைப் பக்கத்தில் ஆண்டின் இறுதியில் வரும் மழைக்கும் இது பொருந்தும். சாதாரண குமிழ்முனைப் பேனையும் பென்சிலும் பாதுகாப்பானவை. கொப்பியைப் பொலித்தீன் பையில் இட்டு அடுப்படிச் சுவருக்கு அண்மையில், புகை படாத இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை பக்கங்களைப் படம் பிடித்து வைத்தால் தொலைந்தாலும் முழுதாகத் தொலையாது. விலையுயர்ந்த கொப்பி தேவையில்லை, கடையில் வாங்கும் சீ.ஆர். கொப்பியே போதும், அழகான கொப்பியில் அசிங்கமாக எழுதத் தயங்குவீர்கள்.

லயத்து வீட்டில் தனியிடம் இல்லை. யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள். விரிவுரையாளரும் படிப்பார். அப்படியிருக்க உண்மையை எப்படி எழுதுவது?

இந்த அச்சம் நியாயமானது. இரண்டு அறைக்குள் ஆறு பேர் வாழும் வீட்டில் அந்தரங்கக் கொப்பி என்று ஒன்று இருக்க முடியாது என்பதை, இந்த ஒப்படைகளைத் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. மீள்நோக்குக் குறிப்பேட்டின் பொருள் உங்கள் வேலை. குடும்பத்துச் சிக்கலையோ மனக்காயத்தையோ அதில் எழுதும்படி எவரும் உங்களை வற்புறுத்த முடியாது. வீட்டு நிலைமை வேலையைப் பாதித்தால், "இந்த வாரம் மடிக்கணினி கிடைக்கவில்லை, ஆகவே கையால் வரைந்தேன், அதனால் எழுத்துகளின் இடைவெளியை முதன்முறையாகக் கவனித்தேன்" என்ற அளவில் எழுதினால் போதும். கையளிக்க விரும்பாத பக்கங்களைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வேலை கொடுத்தவர்களைப் பற்றி எழுதும்போது பெயரை விட்டுவிட்டு, "தலைவர்", "கடைக்காரர்" என்று குறிப்பிடுவது அவர்களுக்கும் மரியாதை, உங்களுக்கும் பாதுகாப்பு.

இணையத்தில் பார்த்த வடிவமைப்புகளையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தந்தவற்றையும் குறிப்பேட்டில் காட்டலாமா?

காட்டலாம், எங்கிருந்து வந்தது என்பதை அருகில் எழுதி. மற்றவர் வேலையை உங்கள் வேலையாகக் காட்டினால் அது வகுப்பில் ஒழுக்கக் கேடு மட்டுமன்றி, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தையும் மீறக்கூடும். எதை எடுத்தீர்கள், எதை மாற்றினீர்கள், உங்கள் வேலை மூலத்திலிருந்து போதிய தூரம் விலகியிருக்கிறதா என்ற மூன்றையும் எழுதுங்கள். படம் உருவாக்கும் கருவியைப் பயன்படுத்தினால், கொடுத்த கட்டளையையும் அது தந்தவற்றில் நீங்கள் தள்ளியவற்றையும் பதியுங்கள். தமிழ் எழுத்து உள்ள படங்களில் இல்லாத எழுத்துகளை அது உருவாக்கிவிடக்கூடும். அதைக் கண்டுபிடிக்கத் தமிழ் படிக்கும் கண் வேண்டும்.

குறிப்பேட்டையே அக்கருவியைக் கொண்டு எழுதுவிப்பதை நான் ஏற்கவில்லை. நீங்கள் எடுத்த முடிவின் காரணம் அதற்குத் தெரியாது. அது எழுதுவது நடந்திராத ஒரு சிந்தனையின் விவரணையாகவே இருக்கும்.

இதற்குப் புள்ளி எப்படி இடுகிறார்கள்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒப்படைத் தாளில் உள்ள மதிப்பீட்டு அளவுகோலைப் படித்துவிடுங்கள். பொதுவாக அலங்காரத்துக்கும் கையெழுத்துக்கும் அதிகம் கிடைப்பதில்லை. வெறும் விவரிப்புக்குக் குறைந்த புள்ளியும், காரணம் தேடியதற்கும் அது அடுத்த வேலையில் ஏற்படுத்திய மாற்றத்துக்கும் கூடிய புள்ளியும் கிடைக்கும். தோல்வியுற்ற வேலையைப் பற்றி நன்றாக எழுதிய பதிவு, வெற்றி பெற்ற வேலையைப் புகழ்ந்து எழுதிய பதிவைவிட மேலாக மதிக்கப்படும்.

எழுதியவற்றைத் திரும்பப் படிக்க வேண்டுமா? படிப்பு முடிந்தபின் கொப்பிகளை என்ன செய்வது?

திரும்பப் படிக்காவிட்டால் பாதிப் பயன் போய்விடும். ஒவ்வொரு ஒப்படை முடிவிலும் முன்னைய பதிவுகளை ஒருமுறை படித்து, திரும்பத் திரும்ப வருவதை வேறு நிறப் பேனையால் ஓரத்தில் குறியுங்கள். ஒரே குறை மூன்று வேலைகளில் வந்திருந்தால் அது அந்த வேலைகளின் குறை அன்று, உங்கள் பழக்கம். அதை முன்வைத்து விரிவுரையாளரிடம் உதவி கேட்கலாம். நல்ல பழக்கமும் அப்படியே தெரியவரும்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது கோப்பில் உள்ள சிறந்த வேலைகள் நான்கைந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பதிவுகளை முதல்நாள் படித்துவிட்டுச் செல்லுங்கள். "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கப்படும்போது, விலக்கிய இரண்டு வழிகளையும் விலக்கிய காரணத்தையும் உங்களால் சொல்ல முடியும். முதல் வேலையைக் காட்டும்போது அதன் முதற்பிரதியையும் திருத்திய பிரதியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. வேலையில் சேர்ந்தபின் குறிப்பேட்டைத் தொடருங்கள். வாடிக்கையாளரின் வெளியிடப்படாத விபரங்களை மட்டும் நிறுவனத்துக்கு வெளியே கொண்டுவரும் கொப்பியில் எழுதாதீர்கள்.